ட்வைலா ஹென்ஸ்லியை வைத்த இடம்

சீப்பைப் பல்லில் கடித்தபடிதான் ட்வைலா ஹென்ஸ்லி பேசுவாள். கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாதிதான் புரியும். மீதியை ஊகித்துச் சிரித்து வைப்பார்கள். தாங்கள் சிரித்தது சொந்தப் புருஷனைப் பற்றிய வசவுக்கு என்பது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும். சீப்பு அவள் வாயைவிட்டு வெளியே வருகிறது என்றால் விஷயம் பெரியது. நான் அவளிடம் முடி வெட்டிக்கொள்ளும் இத்தனை வருஷங்களில் அப்படி நடந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கென்டக்கியின் இந்த மலைப்பக்கத்தில் சுரங்கங்களை மூடிவிட்டார்கள். மூடாமல் கிடப்பவை தேவாலயங்களும் ட்வைலாவின் கடையும்தான். வீட்டின் கார் கொட்டகையில் இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலைமேல் கவிழ்க்கும் உலர்த்தி ஒன்று. அதற்கடியில் உட்கார்ந்த பெண்களுக்குக் காது கேட்காது என்பதால் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ஊர் ரகசியம் முழுவதும் சாலை வரை கேட்கும். ட்வைலாவுக்கு நாற்பத்தேழு வயது. தலைமுடி இந்த மாதம் செம்பு நிறம். புருஷன் ஒரு வசந்த காலத்தில் கிளம்பிப் போய்விட்டான். "போனது பரவால்ல, நாயையும் கூட்டிட்டுப் போயிட்டான்" என்று இன்னும் வருத்தப்படுகிறாள்.

வாரத்தில் இரண்டு நாள் அவள் செத்தவர்களுக்கு முடி அலங்காரம் செய்யப் போவாள். ஹார்லன் க்ரம் என்பவரின் சவ அடக்க நிலையம் எங்கள் ஊரிலேயே உயரமான தூண்கள் உள்ள கட்டடம். அங்கே வேலை செய்யும்போது ட்வைலா இடது கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொள்வாள். வலது கை ஒன்றால் வாருவாள், சுருட்டுவாள், கொண்டை ஊசி குத்துவாள். காரணம் க்ரம் போட்ட விதி. முடி மட்டும்தான் அவள் எல்லை. நெற்றியில் முடி தொடங்கும் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கூடப் படக்கூடாது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா என்று நான் விசாரித்ததில்லை. க்ரம் அப்படிச் சொல்கிறார், கதவருகே நின்று கண்காணிக்கவும் செய்கிறார். இரண்டு கையும் வெளியே இருந்தால் ஒன்று தன்னையறியாமல் கன்னத்துக்குப் போய்விடும் என்பதால் ட்வைலா அதைப் பைக்குள் சிறை வைத்துவிட்டாள்.

வேலை நடக்கும்போது பிணத்தோடு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். "ஏன்யா ஃபியூகேட், இருக்கறதே மூணு முடி. அதைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு இத்தனை வருஷமா யாரை ஏமாத்தின?" என்பாள்.

கடைக்கு வாரம் தவறாமல் வருகிறவள் நெல்டா பிராட். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் சொல்பவள். அவள் ஒருநாள், "பொணத்தோட தனியா இருக்கப் பயமா இல்லியாடி உனக்கு?" என்று கேட்டாள்.

"உசுரோட இருக்கறவனோட தனியா நிக்கத்தான் பயம். செத்தவன் ஒருத்தன்கூட இதுவரைக்கும் என் இடுப்புல கை வச்சதில்ல."

போன குளிர்காலத்தில் ஓவி ஸ்லோன் செத்துப்போனாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், ட்வைலாவின் சிநேகிதி. பிள்ளைகளுக்கு பீன்ஸும் சோள ரொட்டியும் போடுவதற்குக்கூடச் சிவப்பு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போவாள். பனியில் வழுக்கி அவள் வண்டி பாலத்தில் மோதியது. முகத்தில் அடி. அவள் குடும்பத்துக்கு எட்டியது இருப்பதிலேயே மலிவான அடக்கம்.

"முகத்தைச் சரி பண்றது தனி வேலை, ட்வைலா. அவங்க எடுத்திருக்கறது மூடின பெட்டி, முகத்தை யாரும் பாக்கறதில்ல" என்றார் க்ரம்.

"நான் பண்றேன் ஹார்லன். நீ ஒண்ணும் தரவேணாம்."

"நீ முடிக்காரி. லைசென்ஸ் இல்லாத கை முகத்துல படக்கூடாது."

ட்வைலா இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஓவிக்குக் கொண்டை போட்டாள். கல்யாணத்துக்குப் போடும் கொண்டை, காதோரம் இரண்டு சுருள். முடித்ததும் மூடியைச் சாத்தி ஆணி முடுக்கினார்கள். இந்த மாவட்டத்தின் மிக அழகான கொண்டை, ஒருவர் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் போயிற்று. அதே வாரம் வங்கி முதலாளி ஒருவருக்கு நிலையத்தில் முகம் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது இல்லாத கருணை அவர் வாயோரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. உயிர் போனால் எல்லோரும் சமம் என்று போதகர் அன்று உருகிப் பேசினார். அவர் க்ரமின் பின்கட்டுக்குப் போனதில்லை.

அடக்கம் முடிந்து வெளியே வந்ததும் ட்வைலா க்ரமிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். "அந்த லைசென்ஸ் கையை எங்க விக்கறாங்க?"

"காலேஜுல" என்றார் க்ரம். "சவ அடக்கப் படிப்புன்னு ஒண்ணு இருக்கு. அதுல சேந்தாலே போதும், மாணவின்னு என் பக்கத்துல நின்னு முகம் பண்ணலாம். சேந்துட்டு வா, யாரு வேணாங்கறா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். நடக்காது என்று நினைத்ததால் தாராளமாக வாக்குக் கொடுத்தார்.

அடுத்த நாள் கடையில் சீப்பு வெளியே வந்தது. "காலேஜுக்குப் போறேன்" என்றாள் ட்வைலா. உலர்த்திக்கு அடியில் இருந்தவள் "என்னது, காலராவா?" என்று கத்தினாள்.

நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் மேட்டின்மேல் இருக்கிறது சமுதாயக் கல்லூரி. இரண்டு வருஷப் படிப்பு, யார் வேண்டுமானாலும் சேரலாம். வாசல் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வாசலுக்கு உள்ளே எத்தனை வாசல் என்று பலகையில் எழுதவில்லை. சவ அடக்கப் படிப்புக்குள் இந்த இலையுதிர் செமஸ்டரிலேயே நுழைய வேண்டுமானால், கல்லூரிக் கணக்கு வகுப்பில் உட்காரும் தகுதி இருக்க வேண்டும். யாரை எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்க முதலில் ஒரு பரீட்சை.

அங்கே ஆலோசகனாக இருப்பவன் பிராண்ட்லி. கன்னம் இன்னும் ரோஜா நிறத்தில் இருக்கும் பையன். "இதுக்குப் படிச்சுட்டு வரவே தேவையில்ல மேடம்" என்று அவன் சொல்லியிருக்கிறான். "இதுல யாரும் பெயில் ஆகவே முடியாது. நீங்க எங்க இருக்கீங்கன்னு பாக்கறதுக்குத்தான்."

ட்வைலா நம்பினாள். பெயில் ஆக முடியாத பரீட்சைக்கு எப்படிப் போவார்களோ அப்படிப் போனாள். காலையில் ஒருத்திக்கு முடி சுருட்டிவிட்டு, மருந்து நாற்றம் போகாத கையோடு, வழியில் கடையில் வாங்கிய, பிஸ்கட் என்று இங்கே சொல்லும் மெத்து ரொட்டியும் குழம்பும் தின்றுகொண்டே போய்க் கணினிமுன் உட்கார்ந்தாள். சுருள் காய்வதற்குள் திரும்பியாக வேண்டும். புரியாத கேள்விக்கெல்லாம் மூன்றாவது விடையை அமுக்கிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

முடிவு வந்தது. அவளை வைத்த இடம் கூட்டல், கழித்தல், பின்னம் வகுப்பு. கல்லூரிக் கணக்குக்கு மூன்று செமஸ்டர் கீழே. அந்த மூன்றுக்கும் பணம் கட்ட வேண்டும். ஒன்றும் பட்டத்தில் சேராது. மூன்றையும் தாண்டி உள்ளே வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. சலித்துப்போய்ப் பாதியில் கழன்றுகொள்வார்கள். க்ரம் அதற்குள் தூண்களை விற்றுவிட்டு ஓய்வெடுக்க ஃபுளோரிடா போயிருப்பார்.

பிராண்ட்லியிடம் போய் அவள் நின்ற காட்சியைக் கடையில் நடித்தே காட்டினாள்.

"பெயில் ஆக முடியாதுன்னியே கண்ணு?"

"நீங்க பெயில் ஆகல மேடம். உங்களை ஓர் இடத்துல வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

"வைக்கறதுன்னா என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு பேரை நானே பெட்டில வைக்கறேன். ஒருத்தன்கூட எந்திரிச்சு வந்ததில்ல."

இந்த ஊர் டாக்டரின் மகளும் அதே பரீட்சை எழுதினாள். அவளிடமும் அதே வாசகத்தைத்தான் பிராண்ட்லி சொன்னான். அவள் வீட்டில் அப்பா சிரித்துவிட்டு, மாதக்கணக்கில் தனிப்பாடத்துக்கு ஏற்பாடு செய்தார். அது பொய் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால் பிழைத்தோம். கல்லூரி வாசலை மிதித்தவர்களே இல்லாத வீட்டிலிருந்து வந்தால், அதிகாரி சொன்னதை அப்படியே நம்பி, பிஸ்கட் தின்றுகொண்டு போவோம். அப்புறம் எங்கள் மலைக்காரர்களுக்கு மூளை மட்டு என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆள் வருவார்கள்.

பிராண்ட்லி கெட்டவன் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்த வாசகத்தை ஒப்பித்தான். ட்வைலா நகராமல் நின்றதும் குரலைத் தாழ்த்தி, "வகுப்பு தொடங்கறதுக்கு முன்னால இன்னொரு தடவை எழுதலாம் மேடம்" என்றிருக்கிறான். "ஒரே ஒரு தடவை."

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கல மேடம்."

நடுவில் புதிய மாணவர்களுக்கு அறிமுக நாள் வந்தது. வாசலில் நின்ற பெண் ட்வைலாவை ஏற இறங்கப் பார்த்து, "பெற்றோர்" என்று அச்சடித்த ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிவிட்டாள். பெற்றோர் அறையில் டோனட் இருந்ததால் ட்வைலா சண்டைக்குப் போகவில்லை. உங்கள் பிள்ளையின் கையை விட்டுவிடுங்கள், அவர்கள் பறக்கட்டும் என்று ஒருவர் உருகிப் பேசினார். பக்கத்து நாற்காலிக்காரி தேம்பி அழுதாள். ட்வைலா அவளுக்குத் துடைக்கத் தாள் கொடுத்து, "எம் பையன் டென்னசில கூரை போடறான். அவனை நான் எப்பவோ விட்டாச்சு, அவன்தான் என்னை விடமாட்டேங்கறான்" என்று தேற்றினாள். அதன் பிறகுதான் தெரிந்தது, அறிமுக நாளுக்கு அவள் வந்ததாகவே கணக்கில் இல்லை. ஒரு பெற்றோர் வந்ததாகத்தான் கணக்கு. இன்னொரு நாள் போய், பதினெட்டு வயதுக் கூட்டத்தோடு புல்வெளியில் சம்மணமிட்டு, பிடித்த ஐஸ்கிரீம் எது என்று சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். இந்தத் தடவை "மாணவர்" என்ற ஸ்டிக்கர் கிடைத்தது. அதைக் கசங்காமல் கழற்றி, பின்தாளோடு ஒட்டி, முடி மருந்து வைக்கும் அலமாரியில் பத்திரப்படுத்தினாள்.

படிப்பு கடையில் நடந்தது. ஏழாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுத்த வாரம் ட்வைலாவுக்குச் சின்னம்மை. திரும்பிப் போனபோது வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. ஒருவரும் அவளுக்காகத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவள் கணக்கு வராத பெண். இப்போது நூலகத்திலிருந்து ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, விட்டுப்போன அந்த வாரத்திலிருந்தே தொடங்கினாள். உதட்டுப் பென்சிலால் கண்ணாடியில் கணக்கு எழுதினாள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் என் நெற்றியில் ஏழில் மூன்று தெரியும், மூக்குக்குக் குறுக்கே ஒரு வகுத்தல் கோடு ஓடும். பதில் வரும்வரை கத்தரி தலைக்குமேல் அந்தரத்தில் நிற்கும். அந்த ஆகஸ்டில் ஊரில் பாதிப் பேர் ஒரு காது தெரிய, மறு காது மூடிய கோலத்தில் திரிந்தோம்.

நெல்டா அவளுக்குத் தைரியம் சொல்லப் பார்த்தாள். "தெனமும் சாயத்துக்கு ஒண்ணுக்கு ரெண்டுன்னு கலக்கறியேடி. அதுதானே கணக்கு? எல்லாம் உனக்குள்ளயே இருக்கு."

"உள்ள ஒரு மண்ணும் இல்ல. பாட்டில்ல கோடு போட்டிருக்கான், அதுவரைக்கும் ஊத்தறேன். இந்த சினிமாப் பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம்."

"சரி, ஜெபமாவது பண்ணினியா?"

"மொதல் தடவை பண்ணிட்டுத்தான் போனேன். கர்த்தர் கொண்டுபோய்க் கூட்டல் கழித்தல்ல வச்சுட்டார். இந்தத் தடவை அவர் ஒதுங்கி நிக்கட்டும்."

"அடியே, அவர் காதுல விழும்!"

"விழட்டும். ஓவி பாலத்துல மோதறப்ப அந்தக் காது எங்க இருந்துச்சு?"

நெல்டா உலர்த்தியை இழுத்துத் தன் தலைமேல் தானே கவிழ்த்துக்கொண்டாள்.

ட்வைலா மாட்டிக்கொண்டு நின்றது ஓர் இடத்தில். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெருக்கச் சொல்கிறது புத்தகம். ஏன் கவிழ்க்க வேண்டும்? வருகிறவர் எல்லோரிடமும் கேட்டாள். என்னிடமும் கேட்டாள், நான் இருமிச் சமாளித்தேன். நெல்டா மட்டும் உறுதியாகச் சொன்னாள். "அது அப்படித்தாண்டி."

"அப்படித்தான்னா? இது என்ன பைபிளா? ஏன்னு சொல்லு."

ஏன் என்று சொல்லாத எதையும் அவள் மண்டை ஏற்றுக்கொள்வதில்லை. ஏழாம் வகுப்பிலும் இதேதான் நடந்திருக்கும். கேள்வி கேட்ட பிள்ளையை மந்தம் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் சோள ரொட்டியைச் சாப்பிட எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் பாதி ரொட்டி. அதை மறுபடி இரண்டாகப் பிட்டாள்.

"அரை ரொட்டிக்குள்ள கால் ரொட்டி எத்தனை?" என்றாள்.

"ரெண்டு" என்றேன்.

"அப்ப அரையைக் காலால வகுத்தா ரெண்டு. முழு ரொட்டிக்குள்ள நாலு கால். அதான் கால் நாலாக் கவுந்துக்குது." சீப்பு வாயிலிருந்து வந்தது. "இவ்வளவுதானா? இந்த எழவுக்கா இத்தனை வருஷம் என்னை முட்டாள்னாங்க?" கையிலிருந்த இரண்டு துண்டையும் கண்ணாடியில் அடித்தாள். துணுக்குகள் எல்லாக் கணக்கின்மேலும் ஒட்டிக்கொண்டன.

இரண்டாவது பரீட்சைக்கு நிலையத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு கவுனைப் போட்டுக்கொண்டாள். "இதுல இருக்கறப்ப என்னை யாரும் அவசரப்படுத்தினதில்ல" என்றாள். அன்று கடையைப் பூட்டிவிட்டாள், வாடிக்கைக்காரி ஒருத்தியையும் ஈரத் தலையோடு விட்டு வைக்கவில்லை. அவள் வண்டி மக்கர் பண்ணியதால் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அறையிலிருந்த மற்றவர்கள் எல்லாம் எழுந்து போன பிறகும், கதவுக் கண்ணாடி வழியே அவள் செம்புத் தலை மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. குனிந்திருந்தது; சில சமயம் கூரையைப் பார்த்து எதையோ கவிழ்த்துக்கொண்டிருந்தது.

பிராண்ட்லி தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "கல்லூரிக் கணக்கு, மேடம்! கடைசி வரிசைதான், ஆனா உள்ளதான்! நீங்க பாஸ்!"

ட்வைலா அவனைப் பார்த்தாள். "பெயில் இல்லாத பரீட்சைல பாஸ் எங்கருந்து கண்ணு வந்துது?"

பாவம், ரோஜாக் கன்னம் இன்னும் சிவந்தது. அவள் அவன் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, "உனக்கு யாரு முடி வெட்டறாங்க? அவங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடு. திங்கக்கிழமை கடைக்கு வா" என்றாள். பிறகு, உத்தரவு போடுகிற குரலில் சொன்னாள். "அடுத்து வர்றவங்ககிட்ட, படிச்சுட்டு வாங்கன்னு சொல்லு. அது போதும்."

படிப்பில் பெயரைப் பதிந்துவிட்டு, கல்லூரியிலிருந்து நேராக நிலையத்துக்கு வண்டியை விடச் சொன்னாள்; நானும் கூடவே உள்ளே போனேன். அன்று அவளுக்கு அங்கே வேலை இருந்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கைப்பையில் கொண்டுவந்திருந்த "மாணவர்" ஸ்டிக்கரை எடுத்து நெஞ்சில் ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தாள். ஸ்டிக்கரின் ஒரு மூலை சுருண்டிருந்தது.

மேசைமேல் கிடந்தவள் கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்த பெண். பெயர் ஆர்லீன். நோயில் இளைத்து, ஒரு பக்கக் கன்னம் குழிந்து போயிருந்தாள்.

கதவருகே நின்ற க்ரம் கேட்டார். "அது என்ன நெஞ்சுல?"

"படிக்க வராதா? அதுக்கு ஒரு பரீட்சை இருக்கு ஹார்லன். எழுதிப் பாரு, பெயிலே ஆகமாட்ட."

க்ரம் கிட்டே வந்து ஸ்டிக்கரைப் படித்தார். மறுபடி படித்தார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "இவங்களும் மூடின பெட்டிதான் எடுத்திருக்காங்க, ட்வைலா. யாரும் பாக்கப் போறதில்ல. எதுக்கு மெனக்கெடற?"

"மூடி உன் வியாபாரம். முகம் என் பாடம்."

சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வலது கையால் முடியை வாரி, வகிடெடுத்து, ஊசி குத்தினாள். அதுவரை வழக்கம்போலத்தான். பிறகு, "தலையை இப்படித் திருப்பு ஆர்லீன்" என்று சீப்புக்கு ஊடாகச் சொல்லிக்கொண்டே ஏப்ரன் பைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தாள். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கையைக் குழிந்த கன்னத்தின்மேல் வைத்தாள்.